வேதாளமும் நாங்களும்: வாசகர் வட்டத்திற்கு எந்தக் கதை?

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, வாசகர் வட்டத்தின் சார்பில்

நாலு பேர் சேர்ந்து எந்த ஊருக்குச் சுற்றுலா போவது என்று முடிவு செய்யவே நாலு நாள் ஆகிறது. இருபத்து நான்கு பெண்கள் சேர்ந்து ஒரே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படியிருக்கும் என்பதை வாசக அன்பர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

சென்ற ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் வாசகர் வட்டம் தொடங்கப்பட்டது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலிருந்து பெயர் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. மழை பெய்தால் நூலகம், இல்லாவிட்டால் லூர்து அன்னை கெபிக்குப் பக்கத்து வேப்பமரத்தடி. முதல் ஆண்டில் விஞ்ஞானக் கதைகளையும் மாயக் கதைகளையும் மட்டுமே படிப்பதென்று நாங்களே கேட்டு அனுமதி வாங்கினோம். நீதிக் கதைகளும் தலைவர்களின் வரலாறுகளும் பாடப் புத்தகத்திலேயே வேண்டிய மட்டும் கிடைக்கின்றன அல்லவா?

அனுமதி கிடைத்த வேகத்தில் ஒரு காலிச் சாக்பீஸ் டப்பாவை வைத்து, ஆளுக்கொரு சீட்டில் ஒரு புத்தகத்தின் பெயரை எழுதிப் போடச் சொன்னோம். விழுந்த சீட்டுகளில் இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். அதை அப்போது எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றிலும் அதிக ஓட்டு வாங்கியது டோல்கீன் எழுதிய 'மோதிரங்களின் அதிபதி'. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த நாவல். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்தவர்கள். நூலகப் பொறுப்பிலிருக்கும் அருட்சகோதரிக்கும் மெத்த மகிழ்ச்சி. ஏனென்றால் டோல்கீன் கத்தோலிக்கர். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தபின் ஒரு குருவானவரின் பாதுகாப்பில் வளர்ந்தவர்.

ஆசிரியர் கத்தோலிக்கராக இருப்பதால் ஆயிரம் பக்கம் சிறியதாகிவிடுவதில்லை என்பதை ஆகஸ்டு மாதம் தெரிந்துகொண்டோம். இருபத்து நான்கு பேரில் முழுவதும் படித்தவர்கள் மூவர். மற்றவர்கள் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அந்த மூவரில் ஒருத்தி, "முடிவில் பிரோடோ மோதிரத்தை நெருப்பில் போடவில்லை, போட மறுத்துவிட்டான். அப்படியென்றால் அவன் தோற்றானா, ஜெயித்தானா?" என்று கேட்டாள். (கதையின் முடிவைச் சொல்லிவிட்டதற்கு மன்னிக்கவும்.) இது எவ்வளவு அருமையான கேள்வி! ஆனால் பதில் சொல்ல ஆளில்லை. அன்று மணியடிப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டோம்.

அந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. கதையைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? பெயர் பெற்ற புத்தகமா? பரிசு வாங்கியதா? பெரியவர்கள் நல்லதென்று சொன்னதா? எங்கள் அபிப்பிராயம் வேறு. அது விக்கிரமாதித்தன் கதையிலிருந்து எடுத்தது.

பாட்டிமார் சொல்லிக் கேட்காதவர்கள் இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை: விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வருகிறான். வழியில் வேதாளம் ஒரு கதை சொல்கிறது. கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை சுக்கு நூறாகிவிடும். சொன்னாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். யோசித்துப் பார்த்தால் வாசகர் வட்டம் என்பது இதுவேதான். கதை முடிந்தபின் கேள்வி வரவேண்டும். கேட்டவரால் சும்மா இருக்க முடியக்கூடாது. ஆகவே, படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு விடைகள் உள்ள ஒரு கேள்வியை எங்கள் தோளில் ஏற்றிவிடும் கதையே எங்களுக்கு வேண்டிய கதை என்று தீர்மானித்தோம். முன்மொழிகிறவள் எழுந்து நின்று அந்தக் கேள்வியைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால் தள்ளுபடியான பரிசு பெற்ற புத்தகங்கள் பல.

இந்தச் சமயத்தில்தான் உறுப்பினர் ஒருத்தியின் தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. மந்திரவாதிகளும் சூனியக்காரிகளும் வரும் கதைகளைக் கன்னியர் நடத்தும் பள்ளியில் படிப்பது தகுமா என்பது அதன் சாரம். எங்களில் சிலர் சிரித்தோம். சிரித்தது தவறு. பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கவலைப்படும் தாயை விட, என்ன படிக்கிறாள் என்றே தெரியாத தாய் எந்த வகையிலும் மேலல்ல. ஆனால் அவர்களுடைய அளவுகோல் சரியானதென்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மாதலேன் லெங்கிள் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1962ல் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' நாவலை எடுத்துக்கொள்வோம். காணாமற்போன விஞ்ஞானியான தந்தையைத் தேடி மெக் என்ற சிறுமி வேற்றுக் கிரகங்களுக்குப் போகிறாள். வழிகாட்டிகள் மூவர், விசித்திரமான கிழவிகள். அவர்களில் ஒருத்தி சூனியக்காரியைப் போன்ற தோற்றத்தில் வருகிறாள். அது போதாதா? கிறிஸ்தவத்திற்கு விரோதமான புத்தகம் என்று பல ஊர்களில் அதை நூலகத்திலிருந்து அகற்றச் சொன்னார்கள். வேறு சிலரோ அதில் கிறிஸ்தவம் அதிகம் என்று குறைப்பட்டார்கள். எழுதியவரோ நியூயார்க்கில் ஓர் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் நூலகராகப் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர்! கதையின் முடிவில் மெக் தன் தம்பியை மீட்பது மந்திரத்தாலும் அல்ல, விஞ்ஞானத்தாலும் அல்ல. அவன்மீது அவள் வைத்த அன்பால். சூனியக்காரி இருக்கிறாளா என்று முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கம் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

மாயக் கதையில் மந்திரம் இருக்கிறதா என்று கேட்பது கடல் கதையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது போல. அந்த மந்திரத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். விலையே இல்லாத மந்திரம் வரும் புத்தகங்களை நாங்களும் ஒதுக்கினோம். பக்தியினால் அல்ல, சலிப்பினால். கதாநாயகி சுண்டு விரலை அசைத்ததும் எல்லாம் நடந்துவிட்டால் அவளுக்காகக் கவலைப்பட என்ன இருக்கிறது?

ஆகவே இரண்டாவது புத்தகமாக உர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' நாவலைத் தேர்ந்தெடுத்தோம். கெட் என்ற ஆடு மேய்க்கும் பையன் மந்திரவாதிகளின் பள்ளிக்குப் போகிறான். சக மாணவன் சீண்டியதற்காக, தன் திறமையைக் காட்ட, இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான். திறந்த அந்த வழியே ஒரு கறுப்பு நிழல் உலகத்துக்குள் புகுந்துவிடுகிறது. அதை மூடுவதற்காகப் பள்ளியின் தலைவரான முதியவர் தம் உயிரையே கொடுக்கிறார். ஒரு பையனின் வீம்புக்கு இதுதான் விலை.

ஒரு பிரதியைக் கடிதம் எழுதிய தாயாருக்கே கொடுத்தனுப்பினோம். மூன்று வாரம் பதிலே இல்லை. பிறகு புத்தகம் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "பேயை வரவழைத்தது மந்திரம் அல்ல, பொறாமை. இதை என் மகள் தெரிந்துகொண்டாளா என்று கேளுங்கள்." நாங்கள் கேட்டோம். அவள் முதலில் ஆமாம் என்றாள். பிறகு, பொறாமைப்பட்டவன் கெட்டா, அவனைச் சீண்டியவனா என்று சண்டை கிளம்பி, ஐந்து மணி வரை நீடித்தது. அந்த மாதத்தில் மிக நல்ல கேள்வி கேட்ட உறுப்பினர் என்ற பெருமை அந்தத் தாயாருக்கே உரியது.

இந்தக் கதையில் இன்னொன்றும் எங்களைத் தொட்டது. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உலகத்தில் பெரும்பாலோர் கறுத்த மேனியர். இதைப் பாதிக் கதை வரை கவனிக்காமலே படித்துக்கொண்டு போனவர்கள் எங்களில் பலர். மந்திரவாதி என்றால் வெள்ளைக்காரன் என்றே எங்கள் மனம் படம் வரைந்து வைத்திருந்தது. எங்கள் நிறத்துப் பையனையே எங்கள் கற்பனையில் வெளுக்க வைத்துவிட்டோமே என்று ஒருத்தி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மேல்நாட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அட்டைப் படங்களிலும், 2004ல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் கெட்டை வெள்ளையனாக்கினார்கள் என்று ஆசிரியை வெளிப்படையாகவே கண்டித்தார். (எங்கள் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர்களாக நிற்பவர்கள் யார் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.)

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார், "விஞ்ஞானக் கதை படியுங்கள், மதிப்பெண்ணுக்கு உதவும். மாயக் கதை எதற்கு?" என்று கேட்டார். அவருக்கு மரியாதையுடன் ஒரு பதில். மதிப்பெண்ணுக்கு உதவுவது விஞ்ஞானப் பாடம். விஞ்ஞானக் கதையில் உள்ள விஞ்ஞானம் சீக்கிரம் பழையதாகிவிடுகிறது. ஜூல்ஸ் வேர்ன் 1870ல் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுதியபோது வாசகர்கள் வாய் பிளந்திருப்பார்கள். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை அதை நோட்டின் ஓரத்தில் வரைகிறாள். ஆனால் கப்பல் தலைவன் நேமோவின் கோபம் பழையதாகவில்லை. அவன் யார் என்பதை வேர்ன் 1875ல் எழுதிய 'மர்மத் தீவு' நாவலில்தான் சொல்கிறார். பண்டேல்கண்டு ராஜாவின் மகன். 1857ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தன் குடும்பத்தையே இழந்தவன். நம் நாட்டு இளவரசன்! இதை அறிந்தபின் முதல் நாவலில் அவன் போர்க்கப்பலை மூழ்கடிக்கும் இடத்தைத் திரும்பப் படித்தோம். மூழ்கிய மாலுமிகள் அவன் குடும்பத்தை என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது.

இனி, எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு எங்கள் பள்ளிக்கு வந்தவள். வாசகர் வட்டத்துக்கு முதலில் பெயர் கொடுத்தவர்களில் ஒருத்தி. செப்டம்பர் மாதத்தில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். நாங்களும் நம்பினோம், அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது. அக்டோபரில் ஒருநாள் மதியம் டிபன் சாப்பிடும்போது உண்மை வெளிவந்தது. "நீங்கல்லாம் சிரிக்கறப்போ நானும் சிரிப்பேன். எதுக்குன்னு தெரியாது. அது எத்தனை நாளைக்கு முடியும்?" என்றாள்.

சாக்பீஸ் டப்பாவில் விழுந்த தமிழ்ச் சீட்டு இரண்டில் ஒன்று அவளுடையது. அதில் இருந்த பெயரை யாரும் உரக்கப் படிக்கக்கூட இல்லை.

எவ்வளவு உயர்ந்த புத்தகமாக இருந்தாலும், கூடியிருப்பவர்களில் ஒருத்தி அதற்குள் நுழைய முடியாதென்றால் அது அந்தக் கூட்டத்துக்கு உரிய புத்தகமல்ல. தனியே வீட்டில் படிக்க ஆயிரம் புத்தகங்கள் இருக்கலாம். வட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டபின் ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டு உலக நியாயங்களைப் பற்றி விவாதிப்பது வெட்கக்கேடு. கெட் என்ற பையனின் கறுப்பு நிறத்துக்காக உருகிய நாங்கள், பக்கத்து பெஞ்சில் இருந்தவளைப் பார்க்கவில்லை.

நவம்பர் மாதத்துக்கு 'சுல்தானாவின் கனவு' என்ற சிறு கதையை எடுத்தோம். நாவல் அல்ல, ஒரே மூச்சில் படித்துவிடலாம். ரொக்கேயா சகாவத் உசேன் என்ற வங்காளத்து முஸ்லிம் பெண்மணி 1905ல் ஆங்கிலத்தில் எழுதியது. அவர் பள்ளிக்கூடமே போகாதவர், அண்ணனிடம் வீட்டிலேயே ஆங்கிலம் கற்றவர். பின்னாளில் கல்கத்தாவில் பெண்களுக்காகப் பள்ளி நடத்தியவர். இந்தக் கதை முதலில் எங்கே அச்சானது தெரியுமா? நமது சென்னையில்! கமலா சத்தியநாதன் என்ற கிறிஸ்தவப் பெண்மணி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மாகசின்' பத்திரிகையில். இந்தியப் பெண் ஒருவர் எழுதிய முதல் விஞ்ஞானக் கதைகளில் ஒன்று மதராஸில் அச்சாகியிருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது.

எங்கள் கைக்குக் கிடைத்த பிரதி ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே இரண்டு பேர் வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பொருள் சொல்ல, அந்தத் தோழி நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதினாள். பதினொரு மதிய இடைவேளைகள் ஆயின. அந்த நாட்டில் பெண்கள் வெளியே ஆட்சி செய்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்து நேரே தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. பகைவர் படையெடுத்தபோது அந்த வெப்பத்தை அவர்கள்மீது திருப்பியே போரை ஜெயித்துவிடுகிறார்கள். நாட்டின் பெயரை எப்படித் தமிழில் எழுதுவது என்று நாங்கள் 'பெண்ணாடு', 'மகளிர் நாடு' என்று தடுமாறினோம். அவள் பேசாமல் 'பெண்டிர் சீமை' என்று எழுதிவிட்டாள். ஆண்கள் அடைந்திருக்கும் இடத்துக்கு? 'ஆடவர்புரம்' என்றாள். அந்தப்புரம் என்ற சொல்லைத் திருப்பிப் போட்டு அவளே உண்டாக்கியது. ஆங்கிலத்தில் மூன்று முறை படித்தவர்களுக்குக்கூட அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் கதையின் குறும்பு முழுதாகப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை அவளே எழுந்து படித்தாள். கேள்வியும் அவளுடையதே: "ஆம்பளைங்களை அடைச்சு வெச்சா அது நியாயமா, பழிவாங்கறதா?" நியாயமே என்று ஒன்பது பேர். பழிவாங்குதல் என்று பதினொரு பேர். மற்றவர்கள் வீட்டில் அண்ணன் தம்பிகளோடு கலந்து ஆலோசித்துச் சொல்வதாகத் தப்பித்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' முடிவாயிற்று. இந்தோனேசியாவில் 1815ல் தாம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்திருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவதாகப் பந்தயம் கட்டினார்கள். அவர்களில் மேரிக்கு அப்போது வயது பதினெட்டு. எங்களைவிட மூன்றே வயது மூத்தவள்! புத்தகம் 1818ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. எழுதியவர் ஆண் என்றே பலரும் நினைத்தார்களாம்.

ஜனவரி மாதம் கூடியபோது ஒரு வேடிக்கை நடந்தது. பாதிப்பேர் பூதத்துக்காகக் கண்ணீர் விட்டார்கள். மறுபாதி, "அதற்கு வாயே இல்லையே, அதற்காக எப்படி அழுவது?" என்று திகைத்தார்கள். விசாரித்தால், அவர்கள் படித்தது மாணவர்களுக்கென்று வந்த ஒரு சுருக்கப் பதிப்பு. துரத்தலும் கொலையும் பத்திரமாக இருந்தன. பூதம் தன் கதையைத் தானே சொல்லும் பகுதியைக் காணோம்! மூல நூலில் அந்தப் பகுதிதான் உயிர்நிலை. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாங்கித் தரும்போது முழுப் புத்தகமாக வாங்கித் தாருங்கள். கடினமாக இருந்தால் மெதுவாகப் படித்துக்கொள்கிறோம். மெலிந்ததாக வேண்டுமென்றால் முதலிலேயே மெலிந்த புத்தகத்தை எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பகுதியை முழுப் பிரதியிலிருந்து தமிழில் சொல்லிக்காட்டினோம். பூதம் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியே உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கிறது. அவர்கள் வேற்று நாட்டுப் பெண் ஒருத்திக்குத் தங்கள் மொழியைக் கற்பிக்கும்போது, இதுவும் இடுக்கு வழியாகவே கேட்டுக் கற்றுக்கொள்கிறது. எங்கள் தோழி அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவள், "ஒன்பதாவது சேர்ந்த புதுசுல நானும் இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பூதத்தைப் படைத்துவிட்டு ஓடிப்போன மாணவன் குற்றவாளியா இல்லையா என்ற விவாதத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தோம்.

பிப்ரவரியில் 'குட்டி இளவரசன்' படித்தோம். பிரெஞ்சு விமானியான செந்த் எக்சுபெரி 1943ல் வெளியிட்ட கதை. 1981ல் க்ரியா வெளியீடாக, பிரெஞ்சிலிருந்து நேரே தமிழில் வந்துவிட்டது. வீட்டைவிடச் சற்றே பெரிய ஒரு கிரகத்திலிருந்து வந்த சிறுவன், தன்னந்தனியே விட்டுவந்த ஒரு ரோஜாச் செடிக்காகக் கவலைப்படுகிறான். இது விஞ்ஞானக் கதையா, மாயக் கதையா என்று ஒருத்தி கேட்டாள். வேற்றுக் கிரகம் வருவதால் விஞ்ஞானம் என்று சிலரும், நரி பேசுவதால் மாயம் என்று சிலரும் சொன்னார்கள். அந்தத் தகராறில் எங்களுக்கு இப்போது அக்கறை குறைந்துவிட்டது. முதன்முறையாக இருபத்து நான்கு பேரும் ஒரே புத்தகத்தை, ஒரே பக்க எண்ணைச் சொல்லிப் பேசினோம்.

மற்றபடி சில சில்லறைச் சமாச்சாரங்கள். தொடர் நாவலின் முதல் பாகத்தை மட்டும் எடுக்கலாம். ஏழு பாகத்தையும் என்றால் முடியாது. முன்மொழிகிறவள் தானே கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். அக்கா படித்தாள், படம் பார்த்தேன் என்பதெல்லாம் செல்லாது. நாலு பேருக்கு ஒரு பிரதியாவது கிடைக்க வேண்டும். பயமூட்டும் கதை வேண்டாம் என்று சொல்கிறவளைக் கேலி செய்யக்கூடாது. (இந்த விதி இரண்டு முறை மீறப்பட்டது.)

வரும் ஆண்டின் முதல் புத்தகத்துக்கு இப்போது இரண்டு சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று அருட்சகோதரி போட்டது. வால்டர் மில்லரின் 'எ கான்டிகிள் ஃபார் லெய்போவிட்ஸ்', 1959ல் வெளிவந்தது. அணுகுண்டுப் போரில் நாகரிகம் அழிந்தபின், பாலைவனத்து மடமொன்றில் துறவியர் பழைய விஞ்ஞானக் காகிதங்களைப் பொருள் புரியாமலே பிரதி எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். இதை எழுதியவர், 1944ல் புனித ஆசீர்வாதப்பரின் மோந்தே கசினோ மடத்தின்மீது குண்டு வீசிய விமானப் படையில் இருந்தவர். போருக்குப் பின் கத்தோலிக்கரானார். விதிப்படி அருட்சகோதரியும் எழுந்து நின்று கேள்வியைச் சொன்னார்கள்: "அந்த அறிவைக் கொண்டே மனிதர் மறுபடி குண்டு செய்வார்கள் என்றால், துறவியர் காப்பாற்றியது சரியா?" கேள்வி மிக நன்று. ஆனால் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நடுநடுவே லத்தீனும் வருகிறது. நாற்பது பக்க நோட்டு போதாது.

இன்னொன்று, முதல் நாள் டப்பாவில் விழுந்து உரக்கப் படிக்கப்படாமலே போன அந்தச் சீட்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்ததை எங்கள் அம்மாக்களில் சிலர் வாரம்தோறும் காத்திருந்து படித்திருக்கிறார்கள். அவர் கற்பனை செய்த 2021ஆம் ஆண்டு வந்து, போயும் விட்டது. கதையில் குடிமக்களின் பெயருக்கு இரண்டே எழுத்துதான் அனுமதி, பிள்ளை பெறவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது. தோழியின் கேள்வி: "ஜீனோவுக்கு நிலா மேல பாசம் இருக்கா, இல்ல பாசம் இருக்கறவங்க மாதிரி பேசக் கத்துக்கிச்சா?" கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம் அப்பாவின் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்ட இந்நாளில், அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு.

ஓட்டெடுத்தோம். பன்னிரண்டு, பன்னிரண்டு. ஓட்டுப் போடாத ஒரே ஆள் அருட்சகோதரி. தம் சீட்டுக்குத் தாமே ஓட்டுப் போடுவது அழகல்ல என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்கள். ஜூன் மாதம் மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்பில் உள்ளவர்களில் யார் யார் இங்கேயே பதினொன்றாம் வகுப்பில் சேருவோம், யார் வேறு பள்ளிக்குப் போவோம் என்பது தேர்வு முடிவு வந்தால்தான் தெரியும். தோழியும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே சாக்பீஸ் டப்பாவையும், இரண்டு சீட்டுகளையும், 'பெண்டிர் சீமை' எழுதிய நோட்டையும் ஒன்பதாம் வகுப்பிடம் ஒப்படைத்திருக்கிறோம். நூலக அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கின்றன. சாவி அருட்சகோதரியிடம்.